கிளறி உறைய வைக்கும் அலுமினியம்: நீலகிரியில் முதல் முறை செய்கிறவர்களுக்கு

இதை எழுதும்போது என் மேசையில் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒரே இங்காட் (வார்ப்புக்கு விற்கும் உலோகக் கட்டி), ஒரே மூசை (உருக்கும் பாத்திரம்), ஒரே நாளில் உருக்கியவை. ஒன்றை நுண்நோக்கியில் வைத்தால் பெரணி இலை விரித்த மாதிரி கிளை கிளையாக ஓடுகிறது. மற்றதில் கடுகைக் கொட்டினாற்போல உருண்டை மணிகள். நடுவில் நடந்தது இருபது வினாடிக் கிளறல் மட்டும்தான். அந்த இருபது வினாடி எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஷெட்டில் டீ ஃபேக்டரிகளில் இலையை வாட வைக்கும் விதரிங் ட்ரஃப் ஃபேனின் அலுமினிய இறக்கைகள் ரிப்பேருக்கு வரும். உடைந்த இடத்தைப் பார்த்தால் பொத்தலும் கரடுமுரடான படிகமுமாக இருக்கும். அதிலிருந்து பிடித்ததுதான் என் கடைசி வருட ப்ராஜெக்ட். உறையும்போது கிளறினால் உள்ளே என்ன ஆகிறது என்று நீங்களும் பார்க்க நினைத்தால், நான் சுற்றிய சுற்றை நீங்கள் சுற்ற வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. உலோகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா அலுமினியமும் இதற்கு ஆகாது. வெப்பம் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறைகிற உலோகம் வேண்டும். ஏ356 அல்லது எல்எம்25 என்ற வார்ப்பு அலுமினியக் கலவை வாங்குங்கள். இரண்டிலும் சிலிக்கன் 7 சதவீத அளவில் இருக்கும். உறைதல் சுமார் 615 டிகிரியில் தொடங்கும். 610-ல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும், 600-ல் கால் பங்கும், 590-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் உறைந்திருக்கும். 577-ஐ நெருங்கும்போது பாதி கெட்டியாகியிருக்கும். மிச்சப் பாதி ஏறக்குறைய அதே வெப்பநிலையில் உறைந்து முடியும். நாம் வேலை செய்யப்போவது இந்த 615-க்கும் 577-க்கும் இடையில்தான்.

எல்எம்6 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அதில் சிலிக்கன் 12 சதவீதம் வரை இருப்பதால் கிட்டத்தட்ட மொத்தமும் 577 பக்கத்திலேயே உறைந்துவிடும். கிளற அவகாசமே கிடைக்காது. பழைய பிஸ்டனும் அதே கதைதான். கோவை உக்கடத்தில் பழைய பிஸ்டன் வாங்கி வந்து முதல் இரண்டு மாதம் நான் செய்த அத்தனையும் வீணானது இதனால்தான். ஸ்கிராப்தான் கட்டுப்படியாகும் என்றால் கார் அலாய் வீல் துண்டு தேடுங்கள். பெரும்பாலும் அது ஏ356 குடும்பம். எதை வாங்கினாலும் ஸ்பெக்ட்ரோ பரிசோதனை (எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று காட்டுவது) செய்யாமல் உலையில் போடக் கூடாது.

ரிப்போர்ட் வந்ததும் மூன்று எண்களைப் பாருங்கள். சிலிக்கன் 6.5 முதல் 7.5-க்குள் இருக்க வேண்டும். இரும்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது: ஏ356-ல் 0.20 வரையும் எல்எம்25-ல் 0.5 வரையும் அனுமதி உண்டு. மூன்றாவது டைட்டானியம். இது அதிகம் இருந்தால் கிளறாமலே படிகம் பொடியாக வரும், நீங்கள் அதைக் கிளறலின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். எல்லா மாதிரியும் ஒரே ஹீட் நம்பர், அதாவது ஒரே தடவையில் உருக்கி வார்த்த இங்காட்டிலிருந்து வரட்டும்.

2. காகிதங்கள்

கல்லூரி மாணவர் என்றால் துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைட் கடிதம் நான்கு பிரதி எடுத்து வையுங்கள்: இங்காட் விற்பவருக்கு ஒன்று, பரிசோதனைக்கூடத்துக்கு ஒன்று, உலை தருபவருக்கு ஒன்று, கைவசம் ஒன்று. கடிதத்தில் ப்ராஜெக்ட் தலைப்பு, மாதிரிகளின் எண்ணிக்கை, வழிகாட்டி ஆசிரியர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். எண்ணிக்கை இல்லை என்று ஒரு கூடத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கிப் போன ஒரு நாள் வீண்.

மாணவர் கட்டணம் தனியாக உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பில் போட்ட பிறகு மாற்றித் தர மாட்டார்கள். இங்காட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். பில்லோடு டெஸ்ட் சர்டிஃபிகேட்டையும் கேட்டு வாங்குங்கள். "அப்புறம் அனுப்புறோம்" என்றால் வரவே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ உருக்கிப் பார்ப்பது வேறு, வார்ப்பைத் தொழிலாக நடத்துவது வேறு. தொழிலாகச் செய்ய நினைத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, உள்ளாட்சி உரிமம், புதிதாகக் கட்டடம் எழுப்புவதானால் மலைப்பகுதி கட்டட அனுமதி என்று நீளும். அதை எல்லாம் முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு ஷெட்டில் செய்வதற்கும் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை. கல்லூரியில் உலை கிடைத்தால் அதுவே மேல்.

மின்சாரம்: 3 கிலோவாட் உலை 13 ஆம்பியர் இழுக்கும். உங்கள் இணைப்பின் சாங்ஷன் லோட் எவ்வளவு என்று ஈபி கார்டில் பார்த்துவிட்டு, தனி வயர், தனி எம்சிபி, நல்ல எர்த் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் சமவெளியிலிருந்து வெளியூர் பதிவு வண்டியில் வருவதானால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு அது வேண்டாம்.

3. தெர்மோகப்பிளை நம்பும் முன் சோதியுங்கள்

உருகிய உலோகத்தின் சூட்டை அளக்கும் கம்பிதான் தெர்மோகப்பிள். கடையில் கிடைக்கும் சாதாரண கே டைப் தெர்மோகப்பிள் 600 டிகிரியில் நாலரை டிகிரி முன்பின் காட்டலாம்; அது அனுமதிக்கப்பட்ட பிழைதான். ஆனால் நமக்கு 615-ஐ ஒட்டிய பத்துப் பதினைந்து டிகிரிதான் வாழ்வே. நாலரை டிகிரி தவறினால் கிளறத் தொடங்கும் நேரம் தவறிவிடும்.

சரிபார்க்க எல்லோரும் கொதிக்கும் தண்ணீரில் விட்டு 100 காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. இதை யோசிக்காமல், ஆறு டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று நல்ல தெர்மோகப்பிள் ஒன்றை நான் ஒதுக்கிவிட்டேன். மாற்றாக வாங்கியதும் அதையே காட்டியபோதுதான் உறைத்தது.

சரியான வழி இது. சுத்தமான அலுமினியத்தை, ஈசி கிரேடு மின்கம்பித் துண்டு இருந்தால் போதும், சிறு மூசையில் உருக்கி ஆற விடுங்கள். பத்து வினாடிக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் எண் இறங்காமல் நிற்கும். அது 660 டிகிரி. உங்கள் கருவி 656 என்று காட்டினால் எல்லா அளவிலும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் உலோகத்தையே கிளறாமல் ஆற விட்டு அதே மாதிரி வரைபடம் போடுங்கள். 615 பக்கத்தில் வளைவு சற்றுத் தட்டையாகும், 577 பக்கத்தில் நன்றாகவே நிற்கும். முதல் தட்டை எங்கே தொடங்குகிறதோ அதுதான் உங்கள் உலோகத்தின் தொடக்கப் புள்ளி. புத்தக எண்ணை விடுங்கள், அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஈரம்

மலையில் எப்போதும் மஞ்சு மூடிக் கிடக்கிறதே, காற்றின் ஈரம் உலோகத்தில் ஏறிவிடாதா என்று நானும் பயந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 15 டிகிரிக் குளிரில் மூடுபனி நிறைந்த காற்றிலேகூட ஒரு கன மீட்டருக்கு 13 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும் கோவைக் காற்றில் 18 கிராம் இருக்கும். இங்கே ஆபத்து பொருள்களின் மேல் படிந்த ஈரம். இரவெல்லாம் ஷெட்டில் கிடந்த இங்காட், கரண்டி, மூசை, கிராஃபைட் தண்டு எல்லாமே காலையில் தொட்டால் சில்லென்று நனைந்திருக்கும்.

அந்த ஈரம் இரண்டு விதத்தில் கெடுக்கும். ஒன்று, ஹைட்ரஜனாக உலோகத்தில் கரையும். உருகு நிலையில் திரவ அலுமினியம் வைத்துக்கொள்ளும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் உறைந்த அலுமினியம் வைத்துக்கொள்ள முடியும். மீதி பொத்தலாக வெளிப்படும். இரண்டாவது, உயிருக்கே ஆபத்து. ஈரக் கரண்டியை உருகிய உலோகத்தில் விட்டால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும். எனவே உள்ளே போகும் எதையும் முன்பே 250, 300 டிகிரியில் அரை மணி நேரம் காய வையுங்கள். இங்காட் துண்டுகளை உலை மூடி மேலேயே அடுக்கலாம். உலோகத்தை 720-க்கு மேல் ஏற்ற வேண்டாம். சூடு கூடக் கூட ஹைட்ரஜன் அதிகம் கரையும்.

தரை சிமெண்டாக இருந்தால் காய்ந்த மணல் பரப்பிக்கொள்ளுங்கள். சிந்தினால் சிமெண்ட் வெடித்துத் தெறிக்கும். தீ அணைக்கவும் காய்ந்த மணல்தான். தண்ணீர் வாளியை ஷெட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: குளிருக்குப் போட்ட ஜெர்கினையும் அக்ரிலிக் ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ஒரு சொட்டு பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த பருத்திச் சட்டை, தோல் ஷூ, முகக் கவசம், தோல் கையுறை போதும். வாயு நீக்கும் மாத்திரைகளை மூடிய ஷெட்டில் போடாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. ஒரு கிலோ பரிசோதனைக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம்.

5. கிளறல்

முதல் ஐந்து மாதம் நான் நினைத்தது: எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் கிளறுகிறோமோ அவ்வளவு நல்லது. ஹேண்ட் டிரில்லில் இரும்புத் தண்டை மாட்டி, 595 டிகிரியில் விட்டு இரண்டு நிமிடம் சுற்றினேன். வந்தது உடைந்த கிளைகளின் குவியல், நடுவே காற்றுக் குமிழ், கிழிந்த துணிபோல ஆக்ஸைடு. போதாததற்கு நீள நீளமான சாம்பல் நிற ஊசிகள். தண்டிலிருந்து கரைந்த இரும்பு சிலிக்கனோடு சேர்ந்து உண்டாக்கியவை. அந்த ஊசிகள் இருக்கும் வார்ப்பு எளிதில் முறியும்.

என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் செய்முறை தானாக விளங்கும். தொடக்கப் புள்ளியைக் கடக்கும் அந்தச் சில நொடியில்தான் படிக விதைகள் பிறக்கின்றன. அப்போது குளிர்ந்த தண்டு ஒன்று உள்ளே சுற்றினால் அதன் மேல் உருவாகும் விதைகள் கழுவப்பட்டுக் குழம்பு முழுவதும் பரவும். சூடும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதால் அவை மீண்டும் உருகிப்போகாது. பக்கத்தில் பக்கத்தில் ஆயிரக்கணக்கான விதைகள் நெருங்கி இருக்கும்போது எதற்கும் கிளை விட இடம் இல்லை. எல்லாம் சின்னதாக, உருண்டையாகவே வளரும். முளைத்த ஒன்றிரண்டு கிளையும் அடியில் கரைந்து துண்டாகித் தானே ஒரு விதையாகிவிடும். 650-லேயே கிளறினால் விதை பிழைக்காது. 595-ல் கிளறினால் கிளைகள் ஏற்கெனவே கோத்துக்கொண்டிருக்கும், நீங்கள் அவற்றை முறிக்க மட்டுமே செய்வீர்கள். இனிப்புக்குப் பாகு காய்ச்சும்போது, "பூத்து வர்ற நேரத்துல மட்டும் விடாம கிண்டு, அதுக்கு முன்னாடி கிண்டி என்ன புண்ணியம்" என்பார் அம்மா. இங்கேயும் பூத்து வரும் நேரம் ஒன்றுதான் முக்கியம்.

எனக்குக் கைகொடுத்த முறை:

தண்டு 25 மில்லிமீட்டர் கிராஃபைட். இரும்பு வேண்டவே வேண்டாம். 12 வோல்ட் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 200 சுற்று. பேட்டரியில் ஓடுவதால் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் நடுவில் நிற்காது. தண்டைக் காய வைத்த பிறகு 150, 200 டிகிரிக்கு ஆற விட்டு அந்தச் சூட்டிலேயே வைத்திருங்கள். சில்லிட்டால் ஈரம் படியும். அதிகச் சூடாக இருந்தால் விதை பிறக்காது.

ஒரு கிலோ உலோகத்தை 700-ல் உருக்கி, மேலே படிந்த கசடை ஒதுக்கி, மூசையை வெளியே எடுத்து வையுங்கள். வெறுமனே வைத்தால் என் மூசை நிமிடத்துக்கு 30 டிகிரி இறங்கியது, அது கைக்கு அடங்காத வேகம். செராமிக் கம்பளி சுற்றிய பிறகு 10 டிகிரியாகக் குறைந்தது. எண் 628-ஐத் தொடும்போது, 100 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்டை இறக்கிச் சுற்ற விடுங்கள். அந்தத் தண்டே சூட்டை உறிஞ்சிப் பத்துப் பதினைந்து வினாடியில் உலோகத்தைத் தொடக்கப் புள்ளிக்குக் கீழே கொண்டுவந்துவிடும். 608, 610 வந்ததும் தண்டை எடுத்துவிடுங்கள். மொத்தம் இருபது வினாடி. பிறகு தொடாதீர்கள். மெல்ல ஆறட்டும், மிச்ச முனைகள் மழுங்கி உருண்டையாவது அந்த அமைதியில்தான்.

சுற்றும்போது மேற்பரப்பைப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து நீர்ச்சுழிபோல ஆனால் காற்றையும் ஆக்ஸைடையும் உள்ளே இழுக்கிறது என்று பொருள், வேகத்தைக் குறையுங்கள். மேல் தோல் அசையாமல் கிடக்க, அடியில் மட்டும் குழம்பு நகர வேண்டும்.

மூன்று வகையும் செய்யுங்கள்: கிளறாதது, தொடக்கப் புள்ளியில் கிளறியது, 595-ல் தாமதமாகக் கிளறியது. ஒவ்வொன்றிலும் மூன்று. ஒன்பதுக்குக் குறைந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

6. மாதிரியைப் பிடிப்பது

590 டிகிரியில், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறைந்த நிலையில், சூடாக்கிக் காய வைத்த சிறு செம்பு அச்சில் ஊற்றுங்கள். சட்டென்று உறைந்து அந்த நொடியின் படம் அப்படியே நிற்கும். கிளறியது தயிர் போல வழுக்கிக்கொண்டு விழும். கிளறாதது அதே வெப்பநிலையில் ஊற்ற வராமல் கரண்டியில் கட்டியாக நிற்கும். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும், பரவாயில்லை. எனக்கு நம்பிக்கை பிறந்ததே அந்த வித்தியாசத்தைக் கையில் உணர்ந்தபோதுதான். தண்ணீரில் கொட்டி உறைய வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒவ்வொரு துண்டிலும் எண்ணைக் கொத்தி வையுங்கள். மார்க்கர் பேனா பாலிஷில் அழிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், நடுவிலிருந்து வெட்டுங்கள்; ஓரமும் நடுவும் வெவ்வேறாக இருக்கும்.

7. பாலிஷ்

சிலிக்கன் கார்பைடு தாள் 220, 400, 600, 800, 1200 என்ற வரிசையில், ஒவ்வொரு தாளுக்கும் துண்டை 90 டிகிரி திருப்பி, முந்தைய கீறல் மறையும் வரை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அலுமினியம் மெத்தென்று இருப்பதால் அழுத்தித் தேய்த்தால் துகள் உள்ளே புதையும். கடைசியில் துணியில் டயமண்ட் பேஸ்ட். ஒரு துண்டுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்த எட்சன்ட்டை (பரப்பை அரித்துப் படிகத்தைக் காட்டும் திரவத்தை) வீட்டில் தொடவே தொடாதீர்கள். அதன் காயம் முதலில் வலிக்காது, உள்ளே எலும்பு வரை போகும். நம் வேலைக்கு அது தேவையும் இல்லை. நன்றாகப் பாலிஷ் செய்த பரப்பில் வெளிறிய அலுமினிய மணிகளும் கருத்த சிலிக்கன் பகுதியும் தானாகவே பிரிந்து தெரியும்.

பாலிஷ் செய்ததைக் கோவைக்குக் கொண்டுபோகும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். குளிர்ந்த துண்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், மேட்டுப்பாளையம் தாண்டிய வெக்கையில் திறந்து பார்த்தேன். கண்ணாடி போலிருந்த பரப்பெல்லாம் வியர்த்து, காய்ந்த இடத்தில் கறை கறையாக நின்றது. ஆறு மாதிரிகளைத் திரும்பத் தேய்த்தேன். சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் கொண்டுபோங்கள், கீழே போய் அரை மணி கழித்துத் திறங்கள்.

8. பார்ப்பது

100 மடங்கு போதும். கிளறாததில் தண்டும் கிளையுமாகப் பெரணி தெரியும். சரியாகக் கிளறியதில் என் மணிகள் 60 முதல் 90 மைக்ரான் வரை இருந்தன. மணிகளுக்கு நடுவே இன்னும் பொடியாகத் தெரிபவை, செம்பு அச்சில் விழுந்த பிறகு மிச்சத் திரவத்திலிருந்து உறைந்தவை. அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. பெரணிக் கிளையைக் குறுக்கே வெட்டினாலும் வட்ட வட்டமாகத்தான் தெரியும். மணிகள் வரிசை கட்டி நின்றாலோ கொத்துக் கொத்தாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ சந்தேகப்படுங்கள். பரிசோதனைக்கூடத்தில் பார்க்கர் முறையில் அனோடைஸ் செய்து (மின்சாரத்தால் பரப்பில் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஏற்றி) போலரைஸ்டு ஒளியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே படிகத்தின் கிளைகள் ஒரே நிறத்தில் வரும், தனித்தனி மணிகள் தனித்தனி நிறம் காட்டும். வகைக்கு ஒன்று செய்தால் போதும்.

அளப்பதற்கு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பரப்பளவை 4 பையால் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் உருண்டைத்தன்மை கிடைக்கும். முழு வட்டம் என்றால் 1. ஒரு மாதிரிக்கு ஐந்து இடங்களில் படம் எடுங்கள், அழகாக இருக்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். சிலிக்கன் ஊசிகள் மாறவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். அவற்றை நுண்மையாக்குவது முக்கியமாக ஸ்ட்ரான்ஷியத்தின் வேலை, அதை முதல் சுற்றில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

9. செலவும் நாளும்

எனக்கு ஆனதை அப்படியே தருகிறேன். இங்காட் 10 கிலோ வரியோடு 2,900 ரூபாய், மூசை 900, தெர்மோகப்பிளும் இண்டிகேட்டரும் 2,200, கிராஃபைட் தண்டு நான்கு 1,400, மோட்டார் 1,100, ஸ்பெக்ட்ரோ இரண்டு முறை 1,400, தாளும் பேஸ்ட்டும் 2,000, ஒன்பது மாதிரிக்கு நுண்படம் 3,600, பாதுகாப்புச் சாமான்கள் 3,000. மொத்தம் 18,500. உலை இரவலாகக் கிடைத்தது. பிஸ்டனில் விட்ட காசும் பஸ் செலவும் இதில் இல்லை. ஒவ்வொரு உருக்கலுக்கும் சுமார் 6 யூனிட் மின்சாரம் போயிற்று. ஒரு கிலோ அலுமினியத்துக்கு உண்மையில் வேண்டியது 0.3 யூனிட்தான், மிச்சத்தை உலைச் சுவர் தின்றுவிடுகிறது. அதனால் ஒரே நாளில் மூன்று உருக்கல் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சூடான உலை வீணாகாது.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்த மாதங்களில் இங்காட் வாங்குவது, கடிதம், ஸ்பெக்ட்ரோ, தெர்மோகப்பிள் சரிபார்ப்பு எல்லாவற்றையும் முடியுங்கள். உருக்கலை ஜனவரிக்கு வையுங்கள். காலையில் உறைபனி இருந்தாலும் பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், சாமான் எல்லாம் காயும். மூன்று நாளில் ஒன்பது உருக்கல், பாலிஷுக்கு ஒரு வாரம். நுண்படத்துக்கு இரண்டு வாரம் காத்திருக்க நேரிடும். பிப்ரவரி கடைசியில் எல்லாக் கல்லூரி மாணவரும் அங்கே வரிசையில் நிற்பார்கள், ஜனவரியிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.